கம்ப்யூட்டரைத் திறந்த சந்தை நாள்

நம் வீட்டுக் கம்ப்யூட்டர் இப்போது சத்தமே இல்லாமல் ஓடுகிறது. ஓடுகிறதா, அணைந்திருக்கிறதா என்று கீழ் ஓரத்தில் இருக்கும் சின்ன விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதைச் சரி செய்தது யார் என்று பாப்பாவும் தம்பியுமாக நீங்கள் இரண்டு பேரும் கேட்டபோது, "கடையில இருந்து ஆள் வந்துச்சு" என்று உங்கள் அம்மா சொன்னாள். அது பொய் இல்லை. கடையில் இருந்துதான் ஆள் வந்தது. அந்த ஆள் உங்கள் அக்கா.

நான் பத்தாவதோடு நின்றவன். தக்காளி லோடு ஏற்றி ஓட்டுகிறவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் இதைப் பேச ஆரம்பித்தால் பாதியில் எழுந்து வண்டிப் பக்கம் போய்விடுகிறேன். அதனால் எழுதி வைக்கிறேன். படித்துவிட்டு அம்மாவிடம் எதுவும் கேட்காதீர்கள்.

அந்தக் கம்ப்யூட்டரை அக்கா தர்மபுரியில் காலேஜ் சேர்ந்தபோது வாங்கினோம். நீங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். டிவி மாதிரி இருக்கும், தனியாகப் பெட்டி கிடையாது, எல்லாமே திரைக்குப் பின்னால். பார்க்க வந்தவர்கள் எல்லாம், "இன்னொரு பெட்டி இருக்குமே, அது எங்க?" என்று கேட்டார்கள். உங்கம்மா பெருமையாக, "அதெல்லாம் உள்ளயே வெச்சு மூடிட்டாங்க. ஆல் இன் ஒன்னு" என்பாள். அந்த வார்த்தையை அக்காதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

முதல் ஆயுத பூசைக்கு உங்கம்மா அதன் கண்ணாடி மேலேயே சந்தனம் தடவிக் குங்குமம் வைத்துவிட்டாள். அக்கா ஓடிவந்து துப்பட்டாவால் துடைத்தாள்.

"கண்ணாடியில வெக்காதம்மா. திரை கெட்டுப்போயிரும்."

"அப்ப எங்கடி வெக்கறது? மிக்சிக்கு வெக்கறன், கிரைண்டருக்கு வெக்கறன், உங்கப்பன் வண்டிக்கு வெக்கறன். இதுக்கு மட்டும் வெக்காம வுட்டா சாமி என்ன நெனைக்கும்?"

"பின்னாடி எங்கயாச்சும் வெச்சுக்க போ. என் கண்ணுல படாம."

அன்றிலிருந்து உங்கம்மா பின்பக்கம்தான் வைத்தாள். நடுவில், கொஞ்சம் மேலே, வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்குமே, அந்த இடம். வழவழப்பான பிளாஸ்டிக்கில் குங்குமம் நிற்காமல் உதிர்ந்ததாம். ஓட்டை இருக்கும் இடத்தில் நன்றாகப் பிடித்ததாம். அதனால் ஒவ்வொரு வருசமும் அங்கேயே கை நிறைய வைத்து அழுத்திவிட்டாள். இதையெல்லாம் நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

படிப்பு முடிந்து தர்மபுரியில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. கொஞ்ச நாளில், தனக்குப் பிடித்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர்கள் வேறு சனம். அதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை. பையன் நல்லவன் என்று மட்டும் எழுதுகிறேன்.

சொந்தக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். உங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, உங்கம்மாவை வாசலில் உட்கார வைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். தலை முழுகுவது என்றால் இதுதான். செத்துப்போனவர்களுக்குச் செய்வதை உயிரோடு இருக்கிற பிள்ளைக்குச் செய்வது. நான் லோடு ஏற்றிக்கொண்டு ஓசூர் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது வாசல் முழுக்க ஈரம். உங்கம்மா தலைகூடத் துவட்டாமல் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு அக்காவைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

முழுகின பிள்ளைக்கு அந்த வீட்டில் சோறு போடக் கூடாது என்பார்கள் எங்கள் சனத்தில். பெற்றவள் தன் வாயால் கூப்பிட்டு, "சாப்புடு" என்று சொல்லிப் போட்டுவிட்டால், அந்த முழுக்கு அதோடு முடிந்தது. வேறு சடங்கு எதுவும் தேவையில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் இத்தனை நாளும் காத்திருந்தேன்.

பிறகு கம்ப்யூட்டர் உங்களுக்கு வந்தது. நாளாக நாளாக அது மாவு மில் மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது. திறந்து ஒரு பக்கம் வருவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். கொஞ்ச நேரம் ஓடினால் சூடாகித் தானாக அணைந்துவிடும். பாப்பா, நீ அதன் முன்னால் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும்போது அது அணைந்து, நீ தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். காரிமங்கலத்தில் ஒரு கடையில் கேட்டேன். "ஆல் இன் ஒன்னாங்க? அதுல கை வெச்சா எங்களுக்குத் தலவலி. புதுசு பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

வண்டியை ஓரம் கட்டி அக்காவுக்குப் போன் போட்டேன். நான் அவளோடு பேசிக்கொண்டுதான் இருந்தேன். உங்கம்மாவுக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வாள்.

"தூக்கிப் போட்டுறாதீங்கப்பா. அதுல ஒண்ணும் போயிருக்காது" என்றாள்.

"வண்டியில எடுத்துட்டு வரட்டுமா?"

"வேணாம். குலுங்குச்சுன்னா திரை போயிரும். நானே வந்து பாக்கறன்பா."

கம்பளியில் சுற்றி, நடுவில் படுக்க வைத்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு போயிருந்தால் திரைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தக்காளியையே நசுங்காமல் கொண்டு போகிறவன் நான். அவளுக்கும் அது தெரியும். இரண்டு பேருமே அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

சந்தை நாளாகப் பார்த்து வரச் சொன்னேன். காரிமங்கலம் சந்தையை உங்கம்மா தவறவிட்டு நான் பார்த்ததில்லை. காலையில் பையை எடுத்துக்கொண்டு போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். முதலில் அக்கா ஒரு தடவை வீட்டுக்குள் வந்து போகட்டும், மற்றது பிறகு பார்க்கலாம் என்று நினைத்தேன்.

அன்றைக்குக் காலையில் நீங்கள் பள்ளிக்கூடம் கிளம்பிப் போனீர்கள். உங்கம்மா பையை எடுத்தாள், மடித்து மறுபடியும் ஆணியில் மாட்டினாள்.

"சந்தைக்குப் போலயா?"

"கால் வலிக்குதுங்க."

"நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு."

"கால் வலிக்கறதுக்கு நாள் பாத்தா வலிக்கும்?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். நான் அவளிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. எப்படித் தெரிந்துகொண்டாள் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

அக்கா டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வந்தாள். முதுகில் ஒரு கறுப்புப் பை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றாள். தண்ணீர் ஊற்றினார்களே, அதே இடத்தில்.

"வரலாமாப்பா?"

"உன் வூட்டுக்கு வரதுக்கு யாரக் கேக்கற நீ? வா சாமி."

உள்ளே வந்தாள். அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். உங்கம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது. அக்கா பையைத் திறந்து சாமான்களை வெளியே எடுத்து வைத்தாள்.

அவள் செய்ததை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். என்றைக்காவது உங்களுக்கே உபயோகப்படும். முதலில் கரண்ட் ஒயரைப் பிடுங்கினாள். கட்டிலில் கம்பளியை விரித்து, கம்ப்யூட்டரைக் குப்புறப் படுக்க வைத்தாள், குழந்தையைப் போடுகிற மாதிரி. கீழே அது நிற்பதற்கு இருக்கும் காலைக் கழற்றினாள். கழற்றின திருகாணிகளைச் சாப்பாட்டுத் தட்டில் வரிசையாக வைத்தாள், எங்கே இருந்து எடுத்தாளோ அதே ஒழுங்கில். அப்புறம் பழைய ஏ.டி.எம். கார்டு ஒன்றை ஓரத்து இடுக்கில் விட்டு நெம்பினாள். டப், டப் என்று சத்தம் வந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

"ஒடையுது பாரு சாமி."

"ஒடையலப்பா. கொக்கி வுட்டுக் குடுக்குது. அது அப்படித்தான் சத்தம் போடும்." லேசாகச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

முதுகு மூடி தனியாக வந்தது. உள்ளே அவ்வளவு பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பச்சை அட்டை ஒன்று, தகடு ஒன்று, நாலைந்து ஒயர், அந்த ஓட்டைகளுக்கு நேராக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஃபேன். ஃபேன் மட்டும் ஒரே சிவப்பு. அக்கா அதைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இறக்கைகளுக்கு நடுவில் தூசியும் குங்குமமும் சேர்ந்து கம்பளி மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது.

"யாருப்பா இதுல குங்குமத்தக் கொட்டுனது?"

நான் ஆயுத பூசையைச் சொன்னேன். பின்னாடி வைக்கச் சொன்னாயே, உங்கம்மா அதே மாதிரிதான் வைக்கிறாள் என்றேன்.

அவள் பிரஷ்ஷால் சுரண்டினாள். அடியில் இருந்தது கறுத்துக் கட்டியாகியிருந்தது. மேலே இருந்தது இன்னும் சிவப்பாகவே இருந்தது. சுரண்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் போனதுக்கு அப்புறமுமா?"

"வருசம் தவறாம."

அடுப்படியில் களி கிண்டுகிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடியும் கேட்டது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்: "இனிமே அந்த ஓட்டையில வெக்க வேணாம்னு சொல்லுங்கப்பா. அதுவழியாத்தான் இது மூச்சு வுடுது. மூக்க அடச்சா சூடேறாம என்ன பண்ணும்? வெக்கறதுன்னா கால்ல வெக்கச் சொல்லுங்க."

நான் அடுப்படிப் பக்கம் திரும்பினேன். சொல்ல வேண்டியே இருக்கவில்லை.

"ஏங்க, காலுக்குப் போயி யாராச்சும் பொட்டு வெப்பாங்களான்னு கேளுங்க."

"சாமி செலைக்குக் காலுக்கும் வெக்கறாங்கல்லன்னு சொல்லுங்கப்பா."

"அது சாமி. இது கம்ப்யூட்டர்னு சொல்லுங்க."

"அப்ப எதுக்கு இதுக்குப் பூச போடறதுன்னு கேளுங்கப்பா."

உங்கம்மாவின் தோள் லேசாகக் குலுங்கியது. சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறக்காமலே இரண்டு பக்கமும் சேதி சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் என்னைவிடச் சந்தோசமான மனுசன் இந்தத் தாலுகாவில் இருந்திருக்க மாட்டான்.

அக்கா புது ஃபேனைப் பொருத்தினாள். கம்ப்யூட்டருக்கு மூளை என்று சொல்கிற சின்னச் சில்லுக்கு மேலே ஒரு செம்புத் தகடு இருக்கும், சூட்டை இழுப்பதற்கு. அதற்கு அடியில் பூசியிருந்த பசை காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. அதைத் துடைத்துவிட்டுப் புதுப் பசை அரிசி அளவுக்கு வைத்தாள். ரேம் என்று ஒரு சின்ன அட்டை ஏற்கெனவே ஒன்று இருந்தது, பக்கத்தில் ஒரு இடம் காலி. இன்னொரு அட்டையைச் சாய்வாக விட்டு அழுத்தினாள். டிக் என்று உட்கார்ந்தது. மேசை பெரிதாக இருந்தால் ஒரே நேரத்தில் நாலு புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்ளலாம் அல்லவா, ரேம் அந்த மேசை என்று சொன்னாள். எனக்குப் புரிந்தது.

கடைசியில் ஹார்ட் டிஸ்க். உள்ளே தட்டு சுற்றுகிற பழைய சாமான், அதனால்தான் அத்தனை மெதுவாம். அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்று மெலிசாக ஒன்று கொண்டுவந்திருந்தாள். பழையதில் இருப்பதை எல்லாம் அப்படியே புதியதில் ஏற்ற வேண்டும். இரண்டையும் தன் லேப்டாப்பில் மாட்டினாள். பச்சைக் கோடு ஒன்று எறும்பு மாதிரி நகர ஆரம்பித்தது.

"எவ்வளவு நேரம் ஆவும்?"

"பழசு மெதுவாத்தான் குடுக்கும்பா. மத்தியானம் தாண்டிரும்."

"தாண்டட்டும் தாண்டட்டும்" என்றேன்.

சும்மா உட்கார்ந்திருந்தோம். அடுப்படியில் அவரைக்கொட்டைக் குழம்பு கொதிக்கிற வாசம். அக்காவுக்கு அது எவ்வளவு பிடிக்கும் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

"ஏங்க," என்றாள் உங்கம்மா, திரும்பாமலே. "ஒடம்பு எளச்சுப் போயிருக்குதே, அங்க சாப்பாடெல்லாம் எப்படின்னு கேளுங்க."

"நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லுங்கப்பா. அங்கயும் களிதான்."

"யாரு கிண்டறாங்களாம்? அவ கிண்டுனா கட்டி கட்டியா வருமே."

அவ என்றாள். தலை முழுகின பிறகு அக்காவைச் சுட்டி உங்கம்மா வாயில் வந்த முதல் சொல். அக்காவும் அதைக் கேட்டாள். முகம் மலர்ந்துபோய், யோசிக்காமல் சொல்லிவிட்டாள்: "இப்பெல்லாம் கட்டி வரலன்னு சொல்லுங்கப்பா. அவங்கம்மா கத்துக் குடுத்தாங்க."

மாமியாரைத்தான் சொன்னாள், வேண்டுமென்று சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் அடுப்படியில் கரண்டி வைக்கிற சத்தம்கூட நின்றுபோனது. பெற்றவள் கற்றுக்கொடுத்து வராதது இன்னொருத்தி கற்றுக்கொடுத்து வந்துவிட்டது என்று அவள் மனதில் பட்டிருக்கும். என் பிள்ளைக்கு இன்னொரு அம்மா இருக்கிறாள் என்று பட்டிருக்கும். எனக்குத் தெரியாது. பச்சைக் கோடு மட்டும் நகர்ந்தது.

மத்தியானம் உங்கம்மா ஒரு தட்டைக் கொண்டுவந்து நடுக் கூடத்தில் வைத்தாள். ஒரே தட்டு. அதில் இரண்டு களி உருண்டை, நடுவில் குழி பண்ணிக் குழம்பு. நான் என்றைக்கும் ஒரு உருண்டைக்கு மேல் சாப்பிடமாட்டேன். தட்டை எனக்கு நேராகவும் வைக்கவில்லை, அக்காவுக்கு நேராகவும் வைக்கவில்லை. திரும்பிப் போய் அடுப்படி நிலைப்படியில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, ஆறுது. சாப்புடச் சொல்லுங்க."

அக்கா தட்டைப் பார்த்தாள். பிறகு முதல் தடவையாக நேராக உங்கம்மாவைப் பார்த்தாள்.

"யாரன்னு கேளுங்கப்பா."

நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியது இல்லை. நிலைப்படியைப் பிடித்திருந்த உங்கம்மாவின் கை அப்படியே இருந்தது. சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். வெளியே யாரோ சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள். உங்கம்மா வாசலைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

"நீ சாப்புடு சாமி. உனக்குத்தான் உங்கம்மா போட்டா" என்றேன்.

"அம்மா சொல்லட்டும்பா. நீங்க சொல்லிச் சாப்புட்டா அப்பறம் எப்பவுமே அம்மா சொல்லாது."

நானும் சாப்பிடவில்லை. களி ஆறி, மேலே தோல் கட்டி, வெடிப்பு விட்டது.

கோடு கடைசி வரைக்கும் போய் முடிந்தது. அக்கா புது டிஸ்க்கை மாட்டினாள், மூடியை வைத்து அழுத்தினாள், தட்டில் இருந்த திருகாணிகளை எடுத்த ஒழுங்கிலேயே போட்டாள். ஒன்றுகூட மிச்சமில்லை. நிமிர்த்தி வைத்து பட்டனை அமுக்கினாள். நான் ஒரு மூச்சு விடுவதற்குள் திரை வந்துவிட்டது. சத்தம் இல்லை. காதைக் கொண்டுபோய்ப் பின்னால் வைத்தேன், ஒன்றுமே கேட்கவில்லை.

"பாப்பாவும் தம்பியும் பள்ளிக்கூடம் வுட்டு வந்துருவாங்க. பாத்துட்டுப் போ."

"வேணாம்பா. அவங்களப் பாத்தா என்னால கெளம்ப முடியாது."

அடைத்துப்போன பழைய ஃபேனைக் காகிதத்தில் மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். குப்பையில் போடுகிறேன் கொடு என்றேன். தலையை ஆட்டிவிட்டாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பின்கட்டில் இருந்து யாரும் வரவில்லை. பிறகு பஸ்ஸுக்கு நடந்தாள்.

நான் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது உங்கம்மா அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"சாப்புடாமயே போயிட்டாளா?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் நீ."

"வாய் வரைக்கும் வந்துச்சுங்க" என்றாள்.

அந்தக் களியை அவள் கொட்டவில்லை. சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தாள். மறுநாள் காலையில் மோர் விட்டுக் கரைத்து, பள்ளிக்கூடம் போகும் முன் உங்கள் இரண்டு பேருக்கும் கொடுத்தாள். தம்பி, "நேத்து யாரும்மா சாப்புடல, இவ்வளவு மிச்சம்?" என்று நீ கேட்டாய். அவள் உன் தலையைத் தடவிவிட்டு, "குடிச்சுட்டுக் கெளம்பு" என்றாள். அது உங்கள் அக்காவுக்குப் போட்ட களி. நீங்கள் குடித்தீர்கள். அது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

அதற்கப்புறம் வந்த ஆயுத பூசைக்கு உங்கம்மா தட்டோடு கம்ப்யூட்டர் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். குனிந்து அதன் காலில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள். உதிர்ந்த தூளை ஊதிவிடக்கூடப் பயந்து, முந்தானையால் ஒற்றி எடுத்தாள். நான் போனில் அதை அக்காவிடம் சொன்னேன்.

"சத்தம் ஏதாச்சும் வருதாப்பா?"

"இல்ல."

"சூடு?"

"இல்ல சாமி. நல்லா ஓடுது."

"அப்ப நான் வந்து பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள்.

இப்போது அவர்கள் கோயமுத்தூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள். டவுன் பஸ்ஸில் வந்து போகிற தூரம் இல்லை.

நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு உங்கம்மா தினமும் கம்ப்யூட்டரைத் துடைக்கிறாள். துடைத்துவிட்டுப் பின்பக்கம் காதை வைத்துப் பார்க்கிறாள். போன வாரம் நான் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பும்போது, துணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, இது இன்னும் எத்தன வருசத்துக்குக் கெடாம ஓடும்னு அவ ஏதாச்சும் சொன்னாளா?"

"நல்லா வெச்சுக்கிட்டா இன்னும் அஞ்சாறு வருசம் ஓடும்னா."

"அவ்வளவு நாளா" என்றாள். துணியை உதறி மடித்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.